கண்ணாடியில் அச்சடித்த சின்னம்

கடையில் வாங்கிய அப்போலோ 11 எம்பிராய்டரி பேட்ச்சைப் படமெடுத்து அனுப்பி, "நிலவில் போட்டிருந்ததும் இப்படித் தைத்ததுதானா?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர். இல்லை. அங்கே போனது அச்சு, அதுவும் கண்ணாடித் துணியில்.

ஆரம்பத்தில் எம்பிராய்டரிதான். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலத்தில் போன கார்டன் கூப்பரும் பீட் கான்ராடும் தங்கள் சின்னத்தில் ஒரு கூண்டு வண்டியைப் போட்டு, 'எட்டு நாள், இல்லாவிட்டால் அவ்வளவுதான்' என்ற பொருளில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். பாதியில் திரும்பினால் பத்திரிகைகள் கிழித்துவிடும் என்று பயந்த நாசா தலைவர் ஜேம்ஸ் வெப், அந்த வரியின் மேல் ஒரு துண்டுத் துணியைத் தைத்து மறைக்கச் சொன்னார். திருஷ்டிப் பொட்டு வைப்பவர்களைக் கேலி செய்கிறோம், இதுவும் ஏறக்குறைய அதே கதைதான்!

1967 ஜனவரி 27 அன்று, தரையில் நடந்த சோதனையின்போது அப்போலோ 1 விண்கலத்தின் அறைக்குள் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தது தூய ஆக்சிஜன். அதில் சாதாரணத் துணியும் நூலும் கொழுந்துவிட்டு எரியும்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் பீட்டா துணி. கண்ணாடி இழையில் நெய்தது, எரியாது, உருகவே 650 டிகிரிக்கு மேல் வேண்டும். சரி, கண்ணாடி எப்படி மடங்கும்? முழு மூங்கிலை வளைத்துப் பாருங்கள், முறியும், அதையே சன்னமாகச் சீவினால் கூடை பின்னலாம். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, அந்த இழுவை தடிமனைப் பொறுத்தது. ஜன்னல் கண்ணாடி 4 மில்லிமீட்டர், பீட்டா இழையோ சுமார் 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. ஆக, ஒரே வளைவில் இழைக்கு விழும் இழுவை ஆயிரத்தில் ஒரு பங்கு! எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிறது. அப்புறம் இழைகள் ஒன்றையொன்று உராய்ந்து அறுத்துக்கொள்ளாமல் வழுக்கிப் போக டெஃப்லான் பூச்சு, நம் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிறதே, அதேதான்.

இந்தத் துணியில் சின்னத்தைத் திரை அச்சில் அடித்து விண்ணுடையில் தைத்தார்கள். 1969 நவம்பரில் அப்போலோ 12-இல் நிலவில் இறங்கியதும் அதே கான்ராட்தான். இந்த முறை சின்னத்தில் கூண்டு வண்டி இல்லை, பாய்மரக் கப்பல். எதையும் மறைக்கவும் சொல்லவில்லை, நிலவுத் தூசிதான் உடையெல்லாம் அப்பிக்கொண்டது.