ஒரே என்ஜினுக்கு மூன்று கார்புரேட்டர் எதற்கு?

1964 போன்டியாக் ஜிடிஓ என்ற அமெரிக்கக் காரின் என்ஜினில் மூன்று கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கருவி) இருக்கும் படத்தைப் பார்த்த வாசகர் ஒருவரின் கேள்வி இது: "பெட்ரோலைக் குடிக்க மூன்று வாயா?"

முதலில் கார் பிறந்த கதை. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்தைத் தாண்டிய என்ஜின் கூடாது என்பது போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய உள்விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு 389 கன அங்குல (6.4 லிட்டர்) வி8-ஐ (எட்டு சிலிண்டர் என்ஜின்) டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தர அளவுக் காரில் பொருத்தி, அதைப் புது மாடல் என்று சொல்லாமல் சுமார் 296 டாலர் 'கூடுதல் வசதி' என்று விற்றது. அழகான தில்லுமுல்லு! முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் போயின. நான்கு பேரல் (காற்று போகும் கழுத்து) கொண்ட ஒரே கார்புரேட்டருடன் 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் கொண்ட 'ட்ரை-பவர்' என்றால் 348. (ரேடியேட்டர் விசிறி, சைலன்சர் போன்ற சுமைகளைக் கழற்றிவிட்டு அளந்த கணக்கு. அந்தக் காலத்து விளம்பர எண்களை நான் பாதிதான் நம்புவேன்.)

கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், பெட்ரோல் உறிஞ்சப்படும். கழுத்தை அகலமாக்கினால் மெதுவாக ஓட்டும்போது காற்றுக்கு வேகமே இருக்காது. பெட்ரோல் சரியாகக் கலக்காமல் என்ஜின் தடுமாறும். குறுக்கினால் முழு வேகத்தில் மூச்சு முட்டும்.

இந்த இக்கட்டுக்குத் தீர்வுதான் ட்ரை-பவர். இதில் ஊருக்குள் ஓட்டும்போது நடுக் கார்புரேட்டர் மட்டுமே வேலை செய்யும். ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால்தான் ஒரு வெற்றிட சுவிட்ச் திறந்து, ரப்பர் சவ்வு இழுபட்டு, ஓரத்து இரண்டும் திறக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: சவ்வை இழுக்க வெற்றிடம் வேண்டும், ஆனால் மிதியை முழுதாக அழுத்திய நொடியில் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) வெற்றிடம் ஏறக்குறைய இருக்காது. ஆகவே அதை முன்கூட்டியே சேர்த்துவைக்க ஒரு சிறு டப்பா, திரும்பிப் போகாமலிருக்க ஒருவழி வால்வு.

கோளாறும் இங்கேதான். சவ்வு கிழிந்தால் ஓரத்து இரண்டும் திறக்கவே திறக்காது. கார் ஓடும், பாய்ச்சல் மட்டும் இருக்காது. அடிக்கடி மிதிக்காமல் விட்டால் அவற்றின் மிதவை அறையில் (பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம்) பெட்ரோல் வற்றிப் பிசின் படியும். ஓரத்துத் திராட்டில் தகடுகள் (கழுத்தைத் திறந்து மூடுபவை) முழுதாக மூடாவிட்டால் காற்று கசிந்து ஐடில் வேகம் (மிதியைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகம்) இறங்காது. பலர் நடுக் கார்புரேட்டரின் திருகைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஓரத்துத் தகடுகளை.

1967 மாடல்களிலிருந்து கார்வெட் தவிர மற்றவற்றில் பல கார்புரேட்டர்களுக்கு நிறுவனமே தடை போட்டது. மாற்றாக வந்த குவாட்ராஜெட் என்ற நான்கு பேரல் கார்புரேட்டரில் சிறிய கழுத்து இரண்டு, பெரிய கழுத்து இரண்டு, எல்லாம் ஒரே உடலில். சிறியவைதான் முதலில் திறக்கும்.