மவுசை மாணவரிடமே விடுங்கள்

அனிமேஷன் லேப்பில் டீச்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்தவருக்கு முதலில் வரும் ஆசை, மாணவர் கையிலிருந்து மவுசை வாங்குவதுதான். நானும் வாங்கியிருக்கிறேன். புதுச்சேரியில் முதுகலை படித்துக்கொண்டே இளங்கலை லேப்பையும் பார்த்துக்கொண்ட முதல் செமஸ்டர் அது.

பந்து குதிக்கும் பயிற்சி. ஒரு மாணவியின் பந்து பலூன் மாதிரி மிதந்து வந்து தரையைத் தொட்டது. மறுநாள் சப்மிஷன். "அக்கா, நீங்களே சரிபண்ணிக் குடுத்துடுங்களேன்" என்றாள். இரண்டே நிமிடம், முடித்துக் கொடுத்தேன். அடுத்த பயிற்சியில் மாவு மூட்டை குதிக்க வேண்டும். மூட்டையும் மிதந்தது. முந்தைய பயிற்சிக்கு விழுந்த மதிப்பெண் என்னுடையது என்று அப்போதுதான் உறைத்தது.

பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் மேலே ஒரு கீஃப்ரேம் (எந்த நேரத்தில் பந்து எங்கே இருக்க வேண்டும் என்று நாம் வைக்கும் குறி), தரையில் ஒரு கீஃப்ரேம் வைத்தால், மென்பொருள் தானாகவே இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்துவிடும். உச்சியில் அது சரி. தரையைத் தொடும் இடத்தில்தான் பந்துக்கு வேகம் அதிகம். அங்கே போய் பிரேக் போட்டால் மிதக்காமல் என்ன செய்யும்? அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில், தரையைத் தொடும் அந்த ஒரு கீஃப்ரேமின் ஹேண்டிலை (வளைவைத் திருப்பும் பிடியை) உடைத்துக் கோட்டைக் கூராக்கினால் போதும். ஆனால் இதைச் சொல்லிக்கொடுத்தால் பட்டனைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

அதனால் இப்போது காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ரப்பர் பந்தோடு, சாயங்காலம் வண்டிகள் வராத கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போகிறேன். 120 செ.மீ. உயரத்திலிருந்து பந்தை விடுவோம். தரையைத் தொட ஏறக்குறைய அரை விநாடி, அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் 12 ஃப்ரேம். அதை மும்மூன்று ஃப்ரேமாகப் பிரித்தால் பந்து இறங்கும் தூரம் முதலில் 7.5 செ.மீ., அப்புறம் 22.5, 37.5, கடைசியில் 52.5. பள்ளியில் படித்த அதே 1, 3, 5, 7 விகிதம்தான். போனில் எடுத்த வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் இடைவெளி விரிவது கண்ணுக்கே தெரியும். போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கே அதே அரை விநாடி 15 ஃப்ரேம். இதில் குழம்பாத பேட்ச்சை நான் பார்த்ததில்லை.

இரண்டு நிமிட வேலைக்கு ஒரு மாலை போகிறது, உண்மைதான். என் ஆய்வேடு ஒரு பக்கம் காத்திருக்கிறது. இருந்தாலும் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே எல்லோரையும் ஒன்றாக அழைத்துப் போய்விட்டால், சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி வரும் போன்கள் குறைகின்றன.

மாணவர்களுக்கும் ஒன்று. "சரிபண்ணிக் குடுங்க" என்று கேட்காதீர்கள், "எந்த ஃப்ரேம்ல தப்பு?" என்று கேளுங்கள். அதைக் காட்ட எனக்கு மவுஸ் வேண்டாம், விரல் போதும்.

இந்த பேட்ச்சில் இன்னும் இரண்டு பேருக்குப் பந்து மிதக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடியும் பீச்.