கரண்ட் போனாத்தான் கேக்குற சத்தம்

கரண்ட் போனாத்தான் என் கம்ப்யூட்டர் எவ்ளோ சத்தம் போடுதுன்னே எனக்குத் தெரியும். சீலிங் ஃபேன் மெதுவா நின்னுடும், சிஸ்டம் மட்டும் யூபிஎஸ்ல ஓடிட்டிருக்கும், அப்போ கேபினெட்டுக்குள்ள இருந்து ஒரு உர்ர்ர், அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஙொய்ய், நடுநடுவுல ஹார்ட் டிஸ்க் கரக் கரக்னு. ரெண்டு நிமிஷம் முன்னாடியும் இதெல்லாம் அங்கயேதான் இருந்துச்சு, நமக்குத்தான் உறைக்கல.

மொதல்ல கணக்கைப் பாத்துடுவோம். சத்தத்தை அளக்குற டெசிபல்ங்கறது லாக் (மடக்கை) கணக்கு, நேரா கூட்டக்கூடாது. 30 டெசிபல் ஃபேன் ஓடுற எடத்துல அதே மாதிரி இன்னொண்ணு மாட்டுனா 60 ஆகாது, 33தான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா சுமாரா 10 டெசிபல் ஏறணும், அதுக்கு அதே ஃபேன் பத்து வேணும்! 30 டெசிபல் பக்கத்துல 20 டெசிபல் ஃபேன் ஒண்ணு சேந்தா மொத்தம் 30.4. அதனால இருக்கறதுலயே அதிகமா கத்துறதை விட்டுட்டு சின்ன ஃபேனை மாத்துறது வெறும் தண்டச் செலவு, நான் பண்ணிட்டுத்தான் சொல்றேன்.

ஆனா காது டெசிபல் மீட்டர் கெடையாது, கதையே இங்கதான் ஆரம்பிக்குது. உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியா இருக்குல்ல, அதுக்குள்ள கிட்டத்தட்ட 35 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு சவ்வு. கீச்சுக்குரல் எல்லாம் வாசல் பக்கத்துலயே அதை ஆட்டும், கனமான சத்தம் கடைசி முனை வரைக்கும் போய் ஆட்டும், இதைக் கண்டுபிடிச்ச ஜார்ஜ் வான் பெக்கெஸிக்கு 1961ல நோபல் குடுத்தாங்க. ரெண்டு சத்தம் சவ்வுல ஒரே எடத்துல வந்து விழுந்தா பெருசு சின்னதை அமுக்கிடும், எட்ட எட்ட விழுந்தா காது ரெண்டையும் தனித்தனியா கேக்கும். கனமான சத்தம் முனைக்குப் போற வழியில வாசலையும் கொஞ்சம் ஆட்டிட்டுப் போறதால அது கீச்சை மறைக்கிற அளவுக்கு கீச்சு அதை மறைக்காது. கிராபிக்ஸ் கார்டுல கம்பிச்சுருள் கரண்ட்ல அதிர்ந்து போடுற காயில் விசில், அதாவது அந்த ஙொய்ய், பல ஆயிரம் ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு அத்தனை அதிர்வு) இருக்கு, ஃபேனோட உறுமல் சில நூறு ஹெர்ட்ஸ்ல, ரொம்ப தூரம், அதனால ஃபேன் சத்தம் பெருசா இருந்தாலொழிய அது விசிலை மூடாது. போதாக்குறைக்கு காதுக்குழாய் நீளம் சுமாரா 2.5 சென்டிமீட்டர், அது 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து சத்தத்தை தானாவே தூக்கிக் குடுக்குது. மீட்டர்ல முள்ளு கூட நகராத விசில் நம்ம தூக்கத்தைக் கெடுக்கறது இப்படித்தான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது, அதே சமயம் ரொம்பக் கடுப்பாக்குனது விம்மல்தான். ரெண்டு ஃபேனும் ஒரே மாடல், ஏழு இறக்கை, ஒண்ணு 1200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து), இன்னொண்ணு அதே செட்டிங்ல 1230. நொடிக்கு எத்தனை சுத்துங்கறதை ஏழு இறக்கையால பெருக்குனா ஒண்ணு 140 ஹெர்ட்ஸ், மத்தது 143.5. காதால இவ்ளோ நெருக்கத்துல இருக்கற ரெண்டையும் பிரிக்க முடியாது, ஒண்ணாக் கலந்து நொடிக்கு மூணு நாலு தடவை ஏறி எறங்கற ஒரே சத்தமா கேக்குது, வ்வூம் வ்வூம் வ்வூம்னு. தம்பூரா சுருதி சேக்கறவங்க காது கொடுத்துத் தேடுறதும் இதே அலையைத்தான், தந்திங்க நெருங்க நெருங்க அலை நிதானமாகி கடைசியில அடங்கிடும். அங்க முறுக்காணியைத் திருப்பலாம், இங்க மோட்டரை அப்படி ஒட்ட வைக்க முடியாது, அதனால நான் நேர்மாறா ஒரு ஃபேனை 900க்கு எறக்கிட்டேன். விம்மல் போயிடுச்சு. வேகத்தைப் பாதியாக்குனா ஒரு ஃபேனோட சத்தம் சுமாரா 15 டெசிபல் கொறையும், அதனால ஒரு ஃபேனை வெரட்டுறதுக்கு பதிலா ரெண்டு பெரிய ஃபேனை மெதுவா ஓட்டுறது பெரும்பாலும் லாபம்.

எல்லாத்தையும் எறக்குனதும் என்ன ஆச்சு? காயில் விசில் முன்ன விட தெளிவா கேக்க ஆரம்பிச்சுடுச்சு, மறைச்சிட்டிருந்ததை நானே எடுத்துட்டேனே. கேம் மெனுவுல சும்மா நிக்கும்போதுதான் கார்டு நொடிக்கு நூத்துக்கணக்குல ஃப்ரேம் (படம்) தள்ளி கத்துதுன்னு கண்டுபிடிச்சு 60ல கட்டிப்போட்டேன், ஙொய்ய் அடங்குச்சு.

இப்போ ஹார்ட் டிஸ்க் கேக்குது.