உங்கள் தொட்டியில் இருப்பது நாட்டு நீல அல்லிதானா?

எங்கள் நர்சரிக்கு வருகிறவர்களில் பலர் "நீலத் தாமரை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் தேடுவது தாமரை இல்லை, நீல அல்லி. நெய்தல், நீலோற்பலம் என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான். தாமரை இலை வெட்டில்லாத வட்டம், தண்ணீருக்கு மேலே எழுந்தும் நிற்கும். அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும், நீர்மட்டத்தில் படுத்தே கிடக்கும்.

இது சுலபம். நாட்டு அல்லியையும் கலப்பின அல்லியையும் பிரிப்பதில்தான் சிக்கல். நானே ஏமாந்திருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மொத்த வியாபாரியிடம் நாற்பது செடி வாங்கி, நாட்டுச் செடி என்றே விற்றேன். இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மா கிண்ணத்தில் ஓர் இலையோடு வந்தார். "தம்பி, இலை குட்டி போட்டிருக்கு பாருங்க." இலையின் நடுவே, காம்பு சேரும் தொப்புளில், மொச்சை அளவு மொட்டு. அதில் நான்கு குட்டி இலை, அடியில் நூல் போல வெள்ளை வேர். நம்மூர் நீல அல்லி (அறிவியல் பெயர் நிம்பேயா நௌச்சாலி) இப்படிக் குட்டி போடாது. இது மேற்கு ஆப்பிரிக்க இனம் ஒன்று கலந்த கலப்பினங்களின் குணம். வாங்கியவர்களையெல்லாம் போனில் பிடித்து விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆனது.

குட்டி போடவில்லை என்பதற்காக நாட்டுச் செடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பூவையும் பாருங்கள். நாட்டுப் பூ வெளிர் நீலம், சில இடங்களில் வெள்ளை. இதழ்கள் அடர்த்தியாக இருக்காது, மஞ்சள் மகரந்தத் தாள்களின் நுனியில் நீலம் தீற்றியிருக்கும். காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். கண்ணைப் பறிக்கும் அடர் ஊதாவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இரவில் மலர்ந்து, இலையின் அடிப்பக்கம் தடவினால் வெல்வெட் போல இருந்தால் அது வேறு இனம், ஆனால் அதுவும் நம்மூர் ஆம்பல்தான்.

இலங்கை 1986இல் நீலோற்பலத்தைத் தேசிய மலராக அறிவித்தது. அங்கேயும் குளங்களில் பரவிவிட்ட ஊதாக் கலப்பினத்தையே பலர் தேசிய மலர் என்று நம்பினார்கள், படங்களிலும் அதுவே இடம்பிடித்தது. ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் பூ அழகாக இருக்கிறதே என்று கொண்டுவந்ததுதான். அதனால் தொட்டியில் மிஞ்சிய செடியை, பாவம் என்று ஏரியில் விடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

சரி, வளர்ப்பதற்கு வருவோம். ஒன்றரை அடி அகலத் தொட்டி, ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில், வண்டல் மண் அல்லது களிமண் போதும். தேங்காய் நார்த்தூள் வேண்டாம், மிதந்து தண்ணீரைக் கெடுக்கும். பச்சைச் சாணம் போட்டால் பாசிதான் வளரும். கிழங்கின் முளை மண்ணுக்கு மேலே தெரிய நட்டு, ஒரு விரல்கடை மணல் பரப்புங்கள். முதலில் முளைக்கு மேல் நான்கு அங்குலத் தண்ணீர் போதும், இலை நீளநீளக் கூட்டிக்கொள்ளலாம். கொசுவுக்குப் பயந்து கம்பூசியா மீன் விடுகிறார்கள், அதுவும் வெளியூர்ச் சரக்குதான். வாய்க்காலில் தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்திலேயே திரியும் சின்ன மீன் நாலு இருந்தால் போதும்.

செடியை ஏரியிலிருந்து பிடுங்கி வராதீர்கள். குளம் வைத்திருப்பவரிடம் கேட்டு ஒரு பக்கக் கன்று வாங்குங்கள். பூ வாடியதும் காம்பு தண்ணீருக்குள் இறங்கிவிடும், காய் அங்கேதான் முற்றும். அதிலிருந்து விதை எடுத்தும் முளைக்க வைக்கலாம், பொறுமை வேண்டும்.

சில செடிகள் கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிடும். "செத்துப்போச்சு சார்" என்று மே மாதம் போன் வரும். வற்றிய குளத்துச் சேற்றில் மழை வரும்வரை தூங்கிப் பழகிய செடி அது. தொட்டியைக் கொட்டுவதற்கு முன் மண்ணைக் கிளறி, கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் அப்படியே மூடிவிடுங்கள். கொழகொழவென்று இருந்தால் மட்டும் எனக்கு போன் செய்யுங்கள்.