ஊர்வு: சூட்டில் நீளும் எஃகு

ஊர்வு (பெயர்ச்சொல்): உலோகம் தாங்கக்கூடிய சுமைதான், ஆனாலும் அது உயர்வெப்பத்தில் நீங்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால், உலோகம் மெல்ல மெல்ல நீண்டு நிரந்தரமாக உருமாறுவது. பொறியாளர் பேச்சில் ‘கிரீப்’.

அறை வெப்பத்தில் எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை ஆண்டு சுமை ஏற்றி வைத்தாலும், இறக்கியதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். சூட்டில் அந்த உறுதி செல்லாது. கார்பன் எஃகு சுமார் 370 பாகை செல்சியஸிலேயே ஊரத் தொடங்கும். குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்தால் அந்த வெப்பநிலை இன்னும் உயரும், அவ்வளவுதான். முதலில் வேகமாக நீண்டு, பிறகு நெடுங்காலம் சீராக ஊர்ந்து, கடைசியில் மீண்டும் விரைந்து முறியும். உலோக மணிகளின், அதாவது உலோகத்தை ஆக்கும் நுண்படிகங்களின், எல்லைகளில் முளைக்கும் நுண்துளைகள் ஒன்றுசேர்ந்து விரிசலாவதே அந்தக் கடைசிக் கட்டம்.

ஆங்கிலச் சொல்லின் வேர், பழைய ஆங்கிலத்தில் தரையோடு ஒட்டி நகர்வதைக் குறித்த ‘கிரியோபன்’. 1910இல் ஆண்ட்ரேடு என்ற இயற்பியலாளர் ஈயக் கம்பிகளை மாறாத தகைவில் (ஓரலகு பரப்பின்மீது விழும் விசையில்) இழுத்து, அவை நீளும் விதத்தை அளந்தார். அவர் அதற்குத் தந்த பெயர் ‘பாகு ஓட்டம்’ என்ற பொருள்படுவது. பின்னர் நீராவியின் வெப்பநிலை ஏற ஏற, இந்த நிகழ்வு கொதிகலன்காரர்களின் கவலையானது. ‘கிரீப்’ என்ற பெயரும் நிலைத்தது.

தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. ‘நகர்வு’ மிகப் பொதுவானது. பெட்டியை இழுத்தாலும் நகர்வுதான். ‘தவழ்வு’ குழந்தையைத்தான் நினைவூட்டும். ‘ஊர்வு’ என்பதே என் தேர்வு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியில் சிறிய விசை, நீண்ட காலம், மீளாத விளைவு என மூன்றுமே அடங்கியிருக்கின்றன. ஊர்வு வீதம், ஊர்வு முறிவு, ஊர்வு ஆயுள் என்று கூட்டுச்சொல்லாக்கவும் வசதியானது. இடையின ரகரத்தை மட்டும் கவனியுங்கள். வல்லின றகரம் போட்டால் ஊறுகாய்ப் பக்கம் போய்விடும்.

குழாய் வடிவமைப்புக்கான தரநெறிகளை ஒப்பிடும்போதுதான் இந்தச் சொல்லின் கனம் தெரியும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் நெறிகளில், குழாயில் அனுமதிக்கும் தகைவைப் பெற, மின்நிலையக் குழாய்களுக்கான பி31.1 உலோகத்தின் இழுவலிமையை (அறுபடாமல் தாங்கும் உச்சத் தகைவை) 3.5ஆல் வகுக்கிறது, ஆலைக் குழாய்களுக்கான பி31.3 மூன்றால் வகுக்கிறது. இதை வைத்துப் பின்னது துணிச்சலானது என்று பலர் முடிவுகட்டுவார்கள். ஊர்வு வெப்பநிலைக்குள் நுழைந்ததும் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அங்கே இரண்டும் ஒரே அளவுகோல்களைத்தான் பிடிக்கின்றன: 1,00,000 மணி நேரத்தில் முறிக்கும் சராசரித் தகைவில் 67 சதவீதம், அதே கால அளவில் முறிக்கும் குறைந்தபட்சத் தகைவில் 80 சதவீதம், 1,000 மணி நேரத்துக்கு 0.01 சதவீதம் ஊரச்செய்யும் சராசரித் தகைவு. இவற்றில் எது சிறியதோ அதற்கு மேல் போகக்கூடாது.

ஐரோப்பாவின் குழாய் நெறியான இ.என். 13480 கணக்கைக் காலத்திலிருந்தே தொடங்குகிறது. 2,00,000 மணி நேர முறிவுத் தகைவு தெரிந்தால் 1.25ஆல் வகுக்கலாம், 1,00,000 மணி நேரத் தகவல்தான் உண்டென்றால் 1.5ஆல் வகுக்க வேண்டும். இந்த 1.5ஆல் வகுப்பதும் அமெரிக்க நெறியின் 67 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே சூடான குழாய்க்கு நெறிகளை ஒப்பிடுபவர் வகுஎண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரத்துக்கான தகைவு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு லட்சம் மணி நேரம் என்பது ஏறத்தாழ 11 ஆண்டு, 5 மாதம். அதுவே குழாயின் ஆயுள் என்று எண்ணுவது பரவலான பிழை. அது தகைவைக் கணக்கிட வைத்த அளவுகோல். அனுமதித்த தகைவு முறிவுத் தகைவைவிடக் குறைவு என்பதால் குழாய் அதையும் தாண்டி உழைக்கும். பற்றவைப்புகள்தான் விதிவிலக்கு. அவை தாய் உலோகத்தைவிட விரைவில் ஊர்ந்து முறியக்கூடும் என்பதால், வெப்பநிலை ஏற ஏற அவற்றின் வலிமையைக் குறைத்துக் கணக்கிடும் காரணி ஒன்றை பி31.3 தனியே வைத்திருக்கிறது.