நேரக்கணிப்பு ஓட்டம்: முதல் ஐந்து நிமிடங்களில் இழக்கப்படுவது

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் துவிச்சக்கர வண்டி ஓட்டங்கள் நெருங்கும் வாரங்களில், கிளிநொச்சியில் நான் பணியாற்றும் இயன்மருத்துவப் பிரிவுக்கு முழங்கால் நோவுடன் இளைஞர்கள் வரத் தொடங்குவார்கள். அவ்வாறு வந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர், குழுவாக ஓடும் போட்டியை விட்டுவிட்டு முதன்முறையாகத் தனிநபர் நேரக்கணிப்பு ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு நாளும் பூநகரி றோட்டிலை இருவது கிலோமீற்றர் முழு மூச்சாத்தான் ஓடுறன் சேர். ரெண்டு மாசமா நேரம் ஒரு நிமிசங்கூடக் குறையேல்லை" என்றார். படியேறும்போது முழங்காலின் முன்பக்கம் குத்துகிறது என்பது அவருடைய இரண்டாவது முறைப்பாடு. இரண்டுக்கும் காரணம் அவருடைய உழைப்புக் குறைவு அல்ல என்பதை அவருக்கு விளங்கப்படுத்தவே எனக்கு அதிக நேரம் தேவைப்பட்டது.

வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். அது அவருடைய தகப்பனாருடையது. நிறுத்தும்போது இரண்டு காலையும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்காகத் தாழ்த்தி வைத்த சீற்றின் குழாய், கறள் பிடித்துச் சட்டத்தோடு இறுகிப் போயிருந்தது. சீற் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடியும். அந்த மடிப்பிலேயே விசை கொடுத்து மிதிப்பதால் முழங்காற் சில்லு தொடையெலும்போடு ஒவ்வொரு சுற்றிலும் அழுந்தும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும் ஒருவர் அரை மணித்தியாலத்தில் 2400 தடவை அந்த அழுத்தத்தைக் கொடுக்கிறார். குதிக்காலைப் பெடலில் வைத்துப் பெடலை ஆகக் கீழே கொண்டுவரும்போது கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருக்கும். இந்த எளிய சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. சைக்கிள் கடையில் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து அந்தக் குழாயைக் கழற்றினார்கள். உயர்த்துவதை ஒரேயடியாகச் செய்யாமல் சில நாட்களுக்கு ஒருமுறை ஐந்து மில்லிமீற்றராக உயர்த்தும்படி சொல்லி அனுப்பினேன்.

நேரக்கணிப்பு ஓட்டத்தில் ஓட்டுநர்கள் குறித்த இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே புறப்படுகிறார்கள். ஒருவர் மற்றவரின் பின்னால் ஒட்டி ஓடிக் காற்றைத் தவிர்க்க விதி இடந்தருவதில்லை. ஆகவே எதிராளி காற்றுத்தான். சமதரையில் வேகமாகச் செல்லும் ஒருவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது, அதை எதிர்க்கத் தேவையான வலுவும் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது: மணிக்கு 30 கிலோமீற்றரில் செல்பவர் 36 கிலோமீற்றருக்கு மாற வேண்டுமானால், வேகம் 20 சதவீதமே கூடினாலும் காற்றுக்கு எதிரான வலு 70 சதவீதத்துக்கும் மேல் கூட வேண்டும். அந்தத் தடையின் பெரும் பங்கு சைக்கிளால் அன்றி உடலால் உண்டாவது என்பதால், விலையுயர்ந்த சைக்கிள் சில்லு வாங்க முன்னர் முழங்கையை மடித்து, தலையைத் தாழ்த்தி, காற்றில் படபடக்காத ஒட்டிய சேட்டைப் போட்டுக்கொள்வதே மலிவான வழி. 1989ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றோட்டத்தின் (Tour de France) இறுதி நாளில், 24.5 கிலோமீற்றர் நேரக்கணிப்பு ஓட்டம் தொடங்கும்போது 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், முன்நீண்ட கைதாங்கியில் குனிந்து ஓடி, லோரன் ஃபினியோனை மொத்தத்தில் 8 விநாடியால் வென்றார். அத்தகைய கைதாங்கி கையைப் பிறேக்கிலிருந்து விலக்கிவிடும் என்பதால், மாடுகள் குறுக்கே வரும் நமது வீதிகளில் அதைப் பொருத்திப் பயிற்சி செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை.

பரந்தனிலிருந்து பூநகரி செல்லும் வீதி வயல்வெளியினூடே செல்வதால் காற்றை மறைக்க எதுவும் இல்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் போகும்போது அது இடப்பக்க முன்னிருந்து அடிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். புறப்பட்ட ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு முட்டும் அளவுக்கு மிதித்துவிட்டு, எதிர்காற்றின் நடுப்பகுதியில் தளர்ந்து, திரும்பும் வழியில் காற்று தரும் வேகத்தைக் கண்டு தேறிவிட்டதாக எண்ணுவதுதான் நான் மீண்டும் மீண்டும் காணும் தவறு. ஓர் எல்லைக்கு மேல் மிதித்தால், கடும் உழைப்பின்போது தசையில் உண்டாகும் லக்டேற் என்ற பொருள் சேரும் வேகம் உடல் அதை அகற்றும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. தொடக்கத்தில் பட்ட அந்தக் கடனை ஓடிக்கொண்டே முழுமையாக அடைக்க முடியாது. கணக்கையும் பாருங்கள். பத்துக் கிலோமீற்றர் எதிர்காற்றில் மணிக்கு 28 கிலோமீற்றர், திரும்பும் பத்துக் கிலோமீற்றர் 40 என்று வைத்துக்கொண்டால், எதிர்காற்றில் வேகத்தை மணிக்கு ஒரு கிலோமீற்றரால் கூட்டினால் 44 விநாடி மிஞ்சும். பின்காற்றில் வேகத்தை அதே அளவு கூட்டினால் 22 விநாடிதான் மிஞ்சும். எனவே வலுவைச் சேமித்து எதிர்காற்றில் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் முதல் ஐந்து நிமிடத்தில் அல்ல, மூச்சு ஒழுங்குக்கு வந்த பின்னரே தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஐந்து கிலோமீற்றர் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தால் எங்கே இழக்கிறோம் என்பது சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்.

நாள்தோறும் முழு மூச்சாக ஓடுவது ஏன் பலன் தருவதில்லை? நேற்றைய களைப்போடு ஓடுபவர் தன்னுடைய உண்மையான உச்சத்தை எட்டுவதில்லை. உடலுக்கு ஆறி வலுப்பெறும் அவகாசமும் கிடைப்பதில்லை. கடினமான நாள் கிழமைக்கு இரண்டு போதும். முதல் மாதத்தில் ஐந்து நிமிட ஓட்டம் நான்கு, இடையே மூன்று நிமிட ஆறுதல். பின்னர் எட்டு நிமிட ஓட்டம் நான்கு. போட்டி நெருங்கும்போது போட்டி வேகத்திலேயே இருபது நிமிட ஓட்டம் இரண்டு, நடுவில் பத்து நிமிடம் மெதுவாக மிதித்தல். கடைசி ஓட்டம் முதலாவதைவிட மெதுவாக முடிந்தால், முதலாவதை அளவுக்கு மீறி ஓடியிருக்கிறீர்கள். ஒரு நாள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நீண்ட ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. மற்றைய நாட்களில், அருகில் வருபவரோடு தடையின்றிக் கதைக்கக்கூடிய வேகத்தைத் தாண்டக்கூடாது. இதுதான் நமது பிள்ளைகளுக்கு மிகக் கடினமான பாடமாக இருக்கிறது, ஏனெனில் மெதுவாக ஓடுவதை அவர்கள் வெட்கமாகக் கருதுகிறார்கள். காலையில் படுக்கையிலிருந்து எழ முன்னர் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். அது வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பளவு கூடியிருந்தால் அன்று கடினமான பயிற்சி வேண்டாம்.

வெயிலைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வன்னி வெக்கையில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேல் வியர்வை போவது சாதாரணம். ஓட முன்னரும் பின்னரும் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். பகல் நேரப் போட்டியானால் இரண்டு கிழமைக்கு முன்னிருந்தே வெயிலுக்குச் சிறிது சிறிதாக உடலைப் பழக்க வேண்டும். சிலர் நோவு தெரியாமல் ஓடுவதற்காகப் போட்டிக்கு முன் டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரோஃபென் குளிசை போடுகிறார்கள். நீரிழந்த உடலில் இவ்வகைக் குளிசைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் எத்தனை குடும்பங்களைத் தாக்கியிருக்கிறது என்பதை அறிந்த நாம், ஒரு கிண்ணத்துக்காகப் பதின்மவயதுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கக்கூடாது என்று பெற்றோரையும் பயிற்றுநர்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நோவு இருந்தால் ஓட வேண்டாம்; வந்து காட்டுங்கள்.

ஏ9 வீதியில் டிப்பருக்குப் பின்னால் ஒட்டி ஓடி வேகம் பழகுவது உயிராபத்து மட்டுமல்ல, காற்றோடு தனித்துப் போராட வேண்டிய ஓட்டத்துக்கு அது பயிற்சியும் அல்ல. விடியற்காலையில் ஓடுபவர்கள் பின்னால் சிவப்பு விளக்குப் பூட்டுங்கள்.

போட்டிக்கு முந்திய பத்து நாட்களில் ஓடும் தூரத்தை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்து, வேகமான சிறு ஓட்டங்களை மட்டும் விடாமல் வைத்திருக்க வேண்டும். அன்று காலை புட்டோ சோறோ வழக்கமாகச் சாப்பிடுவதை மூன்று மணித்தியாலத்துக்கு முன்னரே முடித்துவிட்டு, புறப்பட முன் இருபது நிமிடம் உடலைச் சூடாக்கினால் போதும்.

ஆறு கிழமையின் பின் அந்தத் தம்பி கொப்பியோடு வந்தார். முதல் ஐந்து கிலோமீற்றரில் பழைய நேரத்தைவிட 20 விநாடி பிந்தியிருந்தார், மொத்தத்தில் ஒன்றரை நிமிடம் முந்தியிருந்தார். "முதல் பாதி ஓடேக்கை எல்லாரும் என்னை விட்டிட்டுப் போற மாதிரியே இருக்கு சேர்" என்றார். சீற்றை இன்னும் ஐந்து மில்லிமீற்றர் உயர்த்தலாம் என்று குறித்துக் கொடுத்தேன்.