கூண்டுக்குள் ஒரு பூனை முடி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அதன் மேல் வெயில் விழும். அந்த நேரத்துக்குச் சரியாகக் குரங்குக் கூட்டம் ஒன்று வந்து சேரும். பெரியவை பேன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குட்டிகள் ஒன்றையொன்று துரத்தும், வாலைப் பிடித்து இழுக்கும், சில்வர் ஓக் கிளையிலிருந்து வேண்டுமென்றே கீழே விழும், ஏறிப்போய் மறுபடியும் விழும். தெருமுனையில் ஒரு நாய் குரைத்தால் போதும், எல்லாம் அப்படியே நின்றுவிடும். நாய் போன பிறகு பெரியவை விட்ட இடத்திலிருந்து பேன் பார்க்கத் தொடங்கும். குட்டிகளின் ஆட்டம் மட்டும் உடனே திரும்பாது.

சென்ற ஐப்பசியிலிருந்து தை வரை நான் உருப்படியாக ஒரு பக்கம் எழுதவில்லை. அந்த மாதங்களில் சன்னலோரம் உட்கார்ந்து இந்தக் குட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் முதலில் ஆட்டம் நிற்பது ஏன், எல்லாவற்றுக்கும் கடைசியில் அது திரும்புவது ஏன் என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. அதற்குப் பதில் தேடிப் படித்ததில், எழுத்தைப் பற்றியும் மனநலத்தைப் பற்றியும் நான் நெடுநாள் வைத்திருந்த சில நம்பிக்கைகள் மாறிப்போயின.

எது விளையாட்டு என்று சொல்வது விலங்கியலாளர்களுக்கே கடினமாக இருந்தது. கார்டன் பர்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005-இல் அதற்கு ஐந்து அடையாளங்களைத் தொகுத்தார். அந்த நேரத்துப் பிழைப்புக்கு அது முழுமையாகப் பயன்படாது. யாரும் வற்புறுத்தாமல், அதற்காகவே செய்யப்படும். நிஜச் சண்டை, நிஜ வேட்டை போலத் தோன்றினாலும் மிகைப்பட்டோ பாதியில் நின்றோ போகும். திரும்பத் திரும்ப நடக்கும், ஆனால் ஒரே அச்சாக நடக்காது. ஐந்தாவது அடையாளம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: பசி, நோய், பயம் எதுவும் நெருக்காதபோதுதான் விளையாட்டு தொடங்கும்.

இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலில் உவகை எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று சொல்லும் இடம்: ‘செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே.’ செல்வத்துக்கும் அறிவுக்கும் கூடலுக்கும் சமமாக விளையாட்டை வைத்திருப்பது ஒரு வியப்பு. அதைவிடப் பெரிய வியப்பு ‘அல்லல் நீத்த’ என்ற அடைமொழி. உரைகாரர்கள் அதற்குப் பல விதமாகப் பொருள் சொல்லலாம். நான் அதை நேராகவே வாசிக்கிறேன். முதலில் அல்லல் நீங்க வேண்டும், அப்புறம்தான் உவகை.

ஆய்வுக்கூடத்தில் இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் யாக் பாங்க்செப். எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியலாளர். 1990-களின் பிற்பகுதியில் எலிகளின் கழுத்திலும் வயிற்றிலும் விரலால் கிச்சுகிச்சு மூட்டி, வௌவால் ஒலியைப் பிடிக்கும் கருவியால் கேட்டார். எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிட்டன. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் வெறும் காதுக்கு அந்தக் குதூகலம் எட்டியதே இல்லை. எலிக்குஞ்சுகள் ஒன்றோடொன்று கட்டிப் புரளும்போதும் இதே ஒலிதான். பிறந்ததும் பெருமூளையின் மேற்புறணி நீக்கப்பட்ட எலிகளும் விளையாடின என்று அவருடைய குழு கண்டது. அப்படியென்றால் ஆடும் உந்துதல் சிந்திக்கும் மூளையில் இல்லை. அதற்கும் அடியில், பசியும் பயமும் இருக்கும் பழைய அடுக்கில் இருக்கிறது. விளையாட்டு நாம் வளர்ந்த பிறகு கழற்றிப் போடும் சட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் செய்த இன்னொரு சோதனைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஆடிக்கொண்டிருந்த இளம் எலிகளின் கூண்டில் சிறிது பூனை முடியைப் போட்டார். அவை ஆய்வுக்கூடத்திலேயே பிறந்தவை, ஆயுளில் பூனையைப் பார்த்தவை அல்ல. வாசனை பட்ட மாத்திரத்தில் ஆட்டம் அறவே நின்றது. முடியை எடுத்த பிறகும் பழைய அளவுக்கு ஆட்டம் திரும்பவில்லை, நாட்கணக்கில் மந்தமாகவே இருந்தது. எலிகள் தின்றன, தூங்கின, நடமாடின. வெளியிலிருந்து பார்க்கிறவர் அவை நன்றாக இருக்கின்றன என்றுதான் சொல்வார்.

அந்த மழைக்காலத்தில் என்னைப் பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சமைத்தேன், கடைக்குப் போனேன், ஃபோனை எடுத்துப் பேசினேன். எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் காது தானாக மலைச்சரிவின் பக்கம் திரும்பிவிடும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு, ஆள் உயரத்துக்கு, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தடுப்புச் சுவரும் கட்டியாயிற்று. ஆனால் தகரக் கூரையில் மழை விழும் ஒவ்வோர் இரவும் நான் விழித்துக் கிடந்தேன். முடியை எடுத்துவிட்டார்கள், வாசனை போகவில்லை.

உடம்புக்குள் அப்போது நடப்பது இதுதான். ஆபத்தின் சாயல் தெரிந்ததும் மூளையின் அமிக்டலா என்ற பகுதி எச்சரிக்கும். ஹைப்போதலாமஸ் வழியாகச் செய்தி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளுக்குப் போய், அட்ரினலினும் பிறகு கார்ட்டிசாலும் ரத்தத்தில் கலக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்புறணிதான் பல யோசனைகளை ஒரே நேரத்தில் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க உதவுவது. மன அழுத்தம் ஏறும்போது மூளைக்குள் பெருகும் நார் அட்ரினலினும் டோபமைனும் அந்தப் பகுதியின் இணைப்புகளைத் தளரச் செய்கின்றன என்று அமெரிக்க நரம்பியலாளர் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். காட்டெருமை எதிரே நிற்கும்போது உவமை தேடிக்கொண்டிருந்தால் உயிர் தங்காது. ஓடும் கால்தான் வேண்டும். எனவே இது கோளாறு அல்ல, நல்ல ஏற்பாடு. எருமை போன பிறகும் அந்த ஏற்பாடு கலையாமல் கிடப்பதுதான் சிக்கல்.

கற்பனை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாம் ‘சும்மா’ இருக்கும்போதும் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. வெளிவேலை இல்லாதபோது சேர்ந்து இயங்கும் பகுதிகளின் வலைப்பின்னல் ஒன்று இருப்பதை அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்லும் அவர் குழுவினரும் 2001-இல் விவரித்தார்கள். பழைய நினைவைப் புரட்டுவது, நாளையைக் கற்பனை செய்வது, இன்னொருவர் மனதுக்குள் புகுந்து பார்ப்பது எல்லாம் அந்த வலைப்பின்னலைச் சேர்ந்தவை. கதை எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? படைப்புத்திறன் மிகுந்தவர்களிடம் இந்தக் கனவு காணும் வலைப்பின்னலும், தேர்ந்து திருத்தும் கட்டுப்பாட்டு வலைப்பின்னலும் நெருங்கிப் பேசிக்கொள்கின்றன என்று ரோஜர் பீட்டியின் குழு 2018-இல் காட்டியது. பெரும்பாலான வேலைகளில் ஒன்று எழுந்தால் மற்றது அடங்கும். இங்கே இரண்டும் கைகோத்து நடக்கின்றன.

ஆனால் அதே கனவு வலைப்பின்னல்தான் நள்ளிரவில் ‘அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று ஒன்றையே அரைப்பதற்கும் பயன்படுகிறது. ஒரே தறிதான். ஒரு நாள் பட்டு வருகிறது, ஒரு நாள் நூல் சிக்கிக்கொண்டு அதே இழை மேலேயே ஓடுகிறது. கனடாவில் பணியாற்றும் உளவியலாளர் கலினா கிறிஸ்டோஃப் இந்த வேறுபாட்டை நன்றாக விளக்குகிறார். எண்ணம் எதைப் பற்றியது என்பதைவிட, அது எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதே முக்கியம். பகற்கனவில் எண்ணம் தோட்டத்திலிருந்து பாட்டியின் காதுக்கம்மலுக்கும், அங்கிருந்து ரயில் புகைக்கும் தாவும். மனச்சோர்வில் அது ஒரே பள்ளத்தில் வந்து விழும், நாம் தள்ளாமலே விழும். சோகமாக இருப்பவர்தான் நல்ல எழுத்தைத் தருவார் என்ற பேச்சை இளவயதில் நானும் நம்பினேன். இப்போது எனக்கு அது ஆபத்தான பேச்சாகவே தெரிகிறது. துயரத்திலிருந்து மீண்டவர் துயரத்தை எழுதலாம். பள்ளத்துக்குள் இருப்பவருக்கு ஏணிதான் வேண்டும்.

மார்கழியில் குன்னூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். தூக்கம், பசி பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, “எந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒரு காரியத்தைக் கடைசியா எப்போங்க ஆசையாச் செஞ்சீங்க?” என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. இலேசான மனச்சோர்வு என்றார். மனம் சரியானதும் செயலில் இறங்கலாம் என்று காத்திருக்காமல், சிறு செயலை முதலில் வைத்தால் மனம் பின்னாலேயே வரும் என்ற சிகிச்சை முறையை விளக்கினார். பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் 1970-களில் வளர்த்தெடுத்த சிந்தனை அது. சோர்வு வந்தால் இன்பம் தரும் செயல்களைக் குறைக்கிறோம், குறைத்ததால் சோர்வு கூடுகிறது, அந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். எனக்கு இது போதுமானதாக இருந்தது. பலருக்கு மருந்தும் தேவைப்படும், அதில் தயங்க ஒன்றுமில்லை. மலையில் மருத்துவரைத் தேடிப் போவதே ஒரு நாள் வேலை என்பவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அவர் சொன்ன சிறு செயல் நடை. ஸ்டான்ஃபோர்டில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு பொருளுக்குப் புதுப் பயன்கள் சொல்லும் சோதனையில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்கள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. இயற்கை வேறொரு வேலையைச் செய்கிறது: 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 90 நிமிடம் மரங்களுக்கிடையே நடந்தவர்களுக்கு, பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களைப் போலன்றி, ஒன்றையே அரைக்கும் பழக்கம் குறைந்திருந்தது. லாங்வுட் சோலையின் ஓரமாக நான் நடக்கத் தொடங்கினேன். தூக்கம் கொஞ்சம் திரும்பியது. எழுத்து திரும்பவில்லை.

அதற்கு வேறொரு பூனை முடி காரணம் என்று பிறகு புரிந்தது. முந்தைய ஆண்டு என் கதைகளுக்கு ஒரு பாராட்டு கிடைத்திருந்தது. அதன்பின் ஒவ்வொரு வாக்கியமும் சான்றிதழ் கேட்டுக்கொண்டே பிறந்தது. உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய இரு சகாக்களும் 1973-இல் மழலையர் பள்ளியில் செய்த சோதனை இதைத்தான் சொல்கிறது. படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த சான்றிதழ் அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. பரிசில் குற்றமில்லை, பரிசுக்காக என்ற எண்ணத்தில்தான் குற்றம்.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களிடம் இதற்கு ஒரு மாற்று இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. 1930-களில் நீலகிரியில் தங்கி அவர்களுடைய மொழியைப் பதிவுசெய்த எமனோ என்ற மொழியியலாளர், அங்கே கிட்டத்தட்ட எல்லோருமே பாடல் கட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறார். கையில் தயாராக இருக்கும் சிறு சொற்றொடர்கள் இணை இணையாக வரும். அன்றைய நிகழ்ச்சிக்கேற்ப அவற்றைக் கோத்துப் பாடுவார்கள். முற்றிலும் புதிதாகப் படைத்தாக வேண்டும் என்ற பயம் அங்கே நுழைய இடமில்லை. இதே மலையில் இன்னொரு கதையும் உண்டு. ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில், இருக்கிற பில்லியர்ட்ஸ் மேசை விளையாட்டோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தபோது உருவானது, பிறகு 1882-இல் ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் எழுதப்பட்டன. இருப்பதோடு ஒன்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் அங்கேயும் நடந்தது.

தை பிறந்து வானம் வெளுத்த ஒரு மாலையில், பக்கத்து லைன் வீட்டுச் சிறுமி வாசலில் வந்து நின்றாள். இன்னும் மூன்று பிள்ளைகள் படிக்கட்டில் நின்றார்கள். கல்லா மண்ணா ஆடுவதற்கு ஆள் போதவில்லையாம்.

“பெரியம்மா, ஆட்டைக்கு வர்றீங்களா?”

“எனக்கு முட்டி வலிக்கும்டி. ஓட முடியாது.”

“ஓட வேண்டாம். நீங்க ஒப்புக்குச் சப்பாணி. தொட்டாலும் அவுட் இல்ல.”

வலுவான எலியும் நலிந்த எலியும் ஆடும்போது, வலுவானது அவ்வப்போது விட்டுக்கொடுக்காவிட்டால் மற்றது ஆட்டத்துக்கு அழைப்பதையே குறைத்துக்கொள்ளும் என்று பாங்க்செப் கவனித்திருந்தார். நாய்கள் முன்னங்கால்களை மடக்கிக் குனிந்து, ‘இது கடியல்ல, ஆட்டம்’ என்று சொல்லிவிட்டுத்தான் பாய்கின்றன. பெர்லினில் 2019-இல் எலிகளுக்கு மனிதரோடு கண்ணாமூச்சி ஆடக் கற்றுத்தந்தார்கள். கிச்சுகிச்சு மட்டும்தான் கூலி. அவை ஒளியும்போது வாயை மூடிக்கொண்டன, கண்டுபிடிக்கப்பட்டதும் துள்ளிக் குதித்தன. இவையெல்லாம் பாதுகாப்பை உறுதிசெய்யும் வழிகள். நம் பிள்ளைகள் அதற்கு ஒரு பதவியே வைத்திருக்கிறார்கள். ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்துக்குள் இருப்பார், ஓடுவார், கத்துவார், அவர் தோற்றது மட்டும் கணக்கில் வராது.

நான் கல்லின் மேல் நின்றேன். கல்லில் நிற்பவரைத் தொடக் கூடாது என்பதால் மண்ணில் குதித்தேன். பிடித்தார்கள். கணக்கில் வரவில்லை. இருட்டும்வரை ஆடினோம்.

மறுநாள் காலை நோட்டின் இடது பக்கத்தை ஒப்புக்குச் சப்பாணிப் பக்கம் என்று ஒதுக்கினேன். அங்கே எழுதுவது எந்தக் கதையிலும் சேராது, எண்ணப்படாது, யாருக்கும் காட்டப்படாது. தொட்டியின் மேல் விழும் குட்டிகளைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. ஒரு வாரத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு வரி வலது பக்கத்துக்குத் தாவியது, நான் தள்ளாமலே.

மாசியில் ஒரு மாலை அந்தச் சிறுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பெரியம்மா, நீங்க இப்ப நல்லா ஓடுறீங்க. நாளைலேர்ந்து உங்களுக்கும் அவுட் உண்டு.”